மூன்றரைக் கிலோ எடையில் ஒரு குறைமாதக் குழந்தை: நிகழ்வு ஆய்வு

எதைப் பற்றியது

கேஸ் ஷீட்டில் 38 வாரம் 2 நாள் என்று எழுதப்பட்டு, உண்மையில் 35 வாரம் 6 நாளில் பிறந்த ஓர் ஆண் குழந்தையைப் பற்றியது இது (37 வாரம் நிறையும் முன் பிறப்பதே குறைமாதம்). பிறந்த எடை 3,460 கிராம். பெற்றோரின் சம்மதத்தோடு, யாரென்று தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு எழுதுகிறேன். நான் பச்சிளம் குழந்தைகள் பிரிவில் பணிபுரியும் மருத்துவர். குழந்தை எங்களிடம் வந்த பிறகு நடந்தவற்றை நேரில் பார்த்தேன். அதற்கு முந்தையவற்றைக் கோப்பைப் படித்தும், தாயிடமும் பிரசவ வார்டில் இருந்தவர்களிடமும் பேசியும் சேர்த்தேன்.

எடை நன்றாக இருந்தால் எல்லாருக்கும் நிம்மதி வந்துவிடுகிறது, மருத்துவர்கள் உட்பட. எத்தனை வாரத்துக்கு அந்த எடை என்ற கேள்வியைக் கேட்காமல் வரும் நிம்மதி எப்படியெல்லாம் வழி தவற வைக்கும் என்பதற்காகத்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

பின்னணி

தாய்க்கு 31 வயது, இது இரண்டாவது கர்ப்பம். முதல் குழந்தை சிசேரியன், நிறைமாதம், எந்தத் தொந்தரவும் இல்லை. இரண்டு பிரசவங்களுக்கும் இடையில் அவருக்கு மாதவிடாய் ஒழுங்காக வரவில்லை, ஒரு சுற்றுக்கு 45 நாள் வரை ஆகும். சினைப்பையில் நீர்க்கட்டிகள் இருப்பதாகச் சொல்லி அதற்குச் சிறிது காலம் மருந்தும் எடுத்திருக்கிறார். இந்த ஒரு விவரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் நடந்த இரண்டு விஷயங்களுக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது.

கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து வாரங்களை எண்ணும் முறை, 28 நாள் சுற்று உள்ளவருக்கு ஏறக்குறைய 14ஆம் நாளில் கருமுட்டை வெளியாகும் என்ற கணக்கில் அமைந்தது. 45 நாள் சுற்று உள்ளவருக்கு அது 30ஆம் நாளை ஒட்டிப் போய்விடும். அதாவது காகிதத்தில் கர்ப்பம் இரண்டு வாரத்துக்கு மேல் கூடுதலாகத் தெரியும், வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு அந்த வயது இருக்காது.

இவருக்கு முதல் ஸ்கேன் எடுத்தபோது மாதவிடாய்க் கணக்குப்படி 10 வாரம் 5 நாள். ஸ்கேனில் கருவின் நீளம் காட்டியது 8 வாரம் 2 நாள். வித்தியாசம் 17 நாள். முதல் மூன்று மாதத்தில் எடுக்கும் ஸ்கேன்தான் கர்ப்பத்தின் வயதைச் சொல்வதில் மிக நம்பகமானது. மாதவிடாய்க் கணக்குப்படி 9 முதல் 14 வாரத்துக்குள் எடுத்த ஸ்கேனில் 7 நாளுக்கு மேல் வித்தியாசம் வந்தால் ஸ்கேன் தேதியையே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் விதி. ஸ்கேன் அறிக்கையில் திருத்திய பிரசவத் தேதியும் தெளிவாக இருந்தது. ஆனால் கோப்பின் முதல் பக்கத்தில் பதிவு செய்த அன்று எழுதிய மாதவிடாய்த் தேதி அப்படியே நின்றுவிட்டது. ஒரே கோப்பில் இரண்டு தேதி. அதன் பிறகு பார்த்தவர்கள் எல்லாரும் முதல் பக்கத்தைப் பார்த்தார்கள், ஸ்கேன் தாள் பின்னால் செருகப்பட்டுக் கிடந்தது.

அப்புறம் சர்க்கரைப் பரிசோதனை. 75 கிராம் குளுக்கோஸ் குடித்துச் செய்யும் அந்தப் பரிசோதனையை 24 முதல் 28 வாரத்துக்குள் செய்வது வழக்கம், ஏனென்றால் நஞ்சுக்கொடியின் ஹார்மோன்களால் இன்சுலின் வேலை செய்வது மந்தமாவது அந்தக் காலத்தில்தான் வெளியே தெரியத் தொடங்கும். இவருக்குக் கோப்புக் கணக்கில் 24 வாரம் 1 நாளில் செய்தார்கள். உண்மையில் அது 21 வாரம் 5 நாள். வெறும் வயிற்றில் 90, ஒரு மணி நேரத்தில் 174, இரண்டு மணி நேரத்தில் 149 என்று முடிவு வந்தது. உலக சுகாதார நிறுவனம் 2013இல் ஏற்றுக்கொண்ட வரம்புகள் முறையே 92, 180, 153. மூன்று எண்களும் கோட்டை ஒட்டிக் கீழே நிற்கின்றன; அறிக்கையில் 'இயல்பு' என்று வந்தது, அதோடு விட்டுவிட்டார்கள். நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ள பெண்களுக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை வரும் வாய்ப்பு கூடுதல் என்பதையும், பரிசோதனையை முன்கூட்டியே செய்துவிட்டோம் என்பதையும் யாராவது சேர்த்துப் பார்த்திருந்தால் சில வாரம் கழித்து மறுபடி செய்திருப்பார்கள்.

மூன்றாவதாக, கோப்புக் கணக்கில் 33ஆம் வாரத்தில் எடுத்த வளர்ச்சி ஸ்கேன். தலையும் தொடை எலும்பும் 31 வார அளவில் இருந்தன, வயிற்றுச் சுற்றளவு மட்டும் 33 வாரத்தைத் தாண்டியிருந்தது. சராசரி எடுத்தால் கோப்புத் தேதிக்கு ஒன்பது நாள் பின்தங்கி வரும். கடைசி மூன்று மாதத்தில் ஸ்கேன் கணக்கு இரண்டு மூன்று வாரம் முன்பின் ஆவது சகஜம் என்பதால் 'தேதிக்குப் பொருந்துகிறது' என்று எழுதப்பட்டது. எனக்கு இந்த முழு நிகழ்விலும் மிகவும் கவலை தருவது இந்த இடம்தான். தாயின் சர்க்கரையால் குழந்தையின் வயிறு பெருத்திருந்தது (கல்லீரலும் தோலடிக் கொழுப்பும்தான் முதலில் பெருக்கும், தலை அவ்வளவாகப் பெருக்காது). பெருத்த வயிறு சராசரியை மேலே இழுத்தது. அப்படி உயர்ந்த சராசரி, தவறான தேதியைச் சரி என்று உறுதிப்படுத்திவிட்டது. ஒரு பிழை இன்னொரு பிழைக்குச் சாட்சி சொன்ன மாதிரி ஆகிவிட்டது.

பிறப்பு

வலி தொடங்கி மருத்துவமனைக்கு வந்தார். முன்பு சிசேரியன், கோப்பில் 38 வாரம், குழந்தை நல்ல எடை. யாரும் தயங்கவில்லை, அன்று மாலையே அறுவை சிகிச்சை நடந்தது. குழந்தை உடனே அழுதது, பிறந்ததும் குழந்தையின் நிலையைப் பத்துக்கு மதிப்பிடும் அப்கார் மதிப்பெண் ஒரு நிமிடத்தில் 8, ஐந்து நிமிடத்தில் 9. 38 வாரத்துக்கு 3,460 கிராம் என்பது வளர்ச்சி அட்டவணையில் நடுப்பகுதிக்குள் அடங்கும். ஆகவே எந்த ஆபத்துப் பட்டியலிலும் குழந்தை வரவில்லை, குளுக்கோஸ் பார்க்க வேண்டிய காரணமும் இல்லை, வழக்கம்போல் தாயோடு வார்டுக்கு அனுப்பினார்கள்.

அதே எடையை 35 வாரம் 6 நாளுக்கான இடத்தில் குறித்தால் புள்ளி 90ஆவது சதமானக் கோட்டுக்கு (அந்த வாரத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு குழந்தைகள் இதற்குக் கீழேதான் இருக்கும்) மேலே போய் விழும். அப்போது இந்தக் குழந்தை ஒரே நேரத்தில் குறைமாதக் குழந்தை, வயதுக்கு மீறி வளர்ந்த குழந்தை. இரண்டுமே குளுக்கோஸ் கண்காணிப்புக்குத் தனித்தனிக் காரணங்கள்.

இந்த இடத்தில் ஒரு சிறிய விலகல். ஒரு காலத்தில் 2,500 கிராம் அல்லது அதற்குக் கீழே பிறந்தால் குறைமாதம் என்றே கணக்கு வைத்தார்கள். 1961இல் உலக சுகாதார நிறுவனம் எடைக் குறைவையும் குறைமாதத்தையும் பிரித்தது. 1967இல் பட்டாக்லியாவும் லுப்சென்கோவும் வாரம், எடை இரண்டையும் ஒரே கட்டத்தில் வைத்துக் குழந்தைகளை வகைப்படுத்தும் முறையைக் கொடுத்தார்கள். அதிலிருந்து பார்த்தால், 40 வாரத்தில் 2,300 கிராமில் பிறக்கும் குழந்தையும் 34 வாரத்தில் 2,300 கிராமில் பிறக்கும் குழந்தையும் வேறு வேறு. முதல் குழந்தை வயிற்றில் பட்டினி கிடந்தது, அதற்குக் குளிரும், குளுக்கோஸ் குறைவும், ரத்தம் கெட்டிப்படுவதும் பிரச்சினை. இரண்டாவது குழந்தையின் எடை வயதுக்குச் சரிதான், ஆனால் நுரையீரலும் மூச்சுக் கட்டுப்பாடும் பால் குடிக்கும் திறனும் முதிரவில்லை. 42 வாரத்தைத் தாண்டிய குழந்தைக்கு நஞ்சுக்கொடி தளர்வதும் வயிற்றுக்குள்ளேயே மலம் கழித்து அதை மூச்சில் இழுப்பதும் கவலை. எடை குறைவாக இருந்தால் நம் கண் உடனே உஷாராகிவிடுகிறது. நம் குழந்தை மாதிரி எடை நிறைந்த குறைமாதத்தைத்தான் பார்க்காமல் கடந்து போகிறோம்.

முதல் இரவு: கவனித்தவை

பிறந்து இரண்டு மணி நேரம் கழித்துத்தான் முதல் தடவை தாயிடம் பால் குடிக்க வைத்தார்கள், சில நிமிடம் சப்பிவிட்டுத் தூங்கிவிட்டது. மூன்றாவது மணி நேரத்தில் மூச்சு நிமிடத்துக்கு 68 (60 வரை இயல்பு). விலா இழுப்பு இல்லை, ஆக்சிஜன் அளவும் சரியாக இருந்தது, சிசேரியன் குழந்தைகளுக்கு நுரையீரல் நீர் வற்றத் தாமதமாவது உண்டு என்று கவனிப்பில் வைத்தார்கள். அந்த முடிவில் குறை சொல்ல ஒன்றுமில்லை, கையிலிருந்த தகவலுக்கு அது நியாயமானது.

ஐந்தரை மணி நேரத்தில் இரவுப் பணிக்கு வந்த நர்ஸ் குழந்தையைத் தூக்கிப் பார்த்தார். கால்கள் சில்லென்று இருந்தன, அக்குளில் வெப்பநிலை 36.1 டிகிரி செல்சியஸ். கை கால்களில் மெல்லிய நடுக்கம், பிடித்தாலும் முழுதாக நிற்கவில்லை. மார்பில் வைத்தால் வாயைத் திறக்கவே இல்லை. பாட்டி பக்கத்திலிருந்து "சமத்துக் குழந்தைம்மா, அழவே இல்லை" என்று சொல்லியிருக்கிறார். அழாமல் பால் கேட்காமல் தூங்கும் குழந்தையைப் பற்றி வீட்டார் பெருமையாகச் சொல்லும் இந்த வார்த்தையை அந்த நர்ஸ் எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டார்.

அவர் அடுத்துச் செய்ததுதான் இந்த நிகழ்வின் திருப்பம். குழந்தையின் உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தார். 38 வாரக் குழந்தைக்குக் குதிகாலை நோக்கிப் பாதத்தின் பெரும்பகுதியில் ரேகை இருக்க வேண்டும். இங்கே முன்பாதத்தில் மட்டும் இருந்தது, மீதி வழுவழுப்பு. காது மடலை மடித்தால் மெதுவாகத்தான் திரும்பியது. தோளில் பூனைமுடி. விதைகள் முழுதாக இறங்கவில்லை. எங்களுக்குப் போன் வந்தது: "டாக்டர், ஷீட்ல முப்பத்தெட்டு வாரம்னு இருக்கு, பாதத்தைப் பாத்தா எனக்கு அப்படித் தெரியலை. சுகர் குத்திப் பாத்துடறேன், நீங்க கொஞ்சம் வந்துடுங்க." நாங்கள் போய்ச் சேர்வதற்குள் குளுக்கோமீட்டரில் எண் வந்துவிட்டது: டெசிலிட்டருக்கு 21 மில்லிகிராம்.

முடிவுகளும் காரணங்களும்

குளுக்கோமீட்டர் இவ்வளவு குறைந்த அளவுகளில் துல்லியமாக இருக்காது. ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பினோம், ஆனால் முடிவுக்காகக் காத்திருக்கவில்லை. அறிகுறியுள்ள குழந்தைக்கு எண்ணை உறுதி செய்யும் வரை சிகிச்சையை நிறுத்தி வைப்பதில் எந்த அர்த்தமும் இல்லை. (பிறகு வந்த ஆய்வக முடிவு 19.)

கன்னத்தின் உட்புறம் தடவும் 40 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் ஜெல் வார்டில் இருந்தது. 2013இல் வெளியான நியூசிலாந்து ஆய்வுக்குப் பிறகு பல இடங்களில் அது வழக்கத்துக்கு வந்திருக்கிறது, தாயையும் குழந்தையையும் பிரிக்காமல் சமாளிக்க அருமையான வழி. ஆனால் அது அறிகுறி இல்லாத, பால் குடிக்கக்கூடிய குழந்தைக்கு. நடுக்கமும் மந்தமும் 25க்குக் கீழே எண்ணும் இருக்கும்போது நரம்பு வழியாகத்தான் கொடுக்க வேண்டும். 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் கிலோவுக்கு 2 மில்லி, அதாவது 7 மில்லி மெதுவாகக் கொடுத்து, உடனே தொடர் ட்ரிப் ஆரம்பித்தோம், ஒரு கிலோவுக்கு நிமிடத்துக்கு 6 மில்லிகிராம் குளுக்கோஸ் போகும் வேகத்தில். ஒரே தடவை ஊசியாகக் கொடுத்துவிட்டு நிறுத்தினால் உடலில் ஏற்கெனவே பெருகியிருக்கும் இன்சுலின் இன்னும் தூண்டப்பட்டு, ஏறிய அளவு மறுபடி விழுந்துவிடும்.

ஏன் இவ்வளவு குறைந்தது? தாயின் ரத்தத்திலுள்ள குளுக்கோஸ் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகும், தாயின் இன்சுலின் போகாது. வரும் கூடுதல் குளுக்கோஸைச் சமாளிக்கக் குழந்தையின் கணையமே அதிகமாக இன்சுலின் சுரக்கப் பழகிவிடுகிறது. தொப்புள்கொடியை வெட்டியதும் வரத்து நின்றுவிடும், சுரப்பு உடனே நிற்காது. இது ஒரு பக்கம். கல்லீரலில் கிளைக்கோஜன் சேமிப்பு பெருமளவு சேர்வது கர்ப்பத்தின் கடைசி வாரங்களில். அந்த வாரங்கள் இந்தக் குழந்தைக்குக் கிடைக்கவில்லை. செலவு கூடுதல், சேமிப்பு குறைவு. அதோடு உடல் குளிர்ந்தால் சூடு உண்டாக்கவும் குளுக்கோஸ் செலவாகும்.

நியூ பல்லார்ட் முறையில் உடல் அடையாளங்களையும் தசை நிலையையும் மதிப்பிட்டோம். 29 மதிப்பெண், அது ஏறக்குறைய 35 வாரத்தைத் தாண்டிய கணக்கு. அந்த முறையில் இரண்டு வாரம் முன்பின் ஆகலாம், அதை மட்டும் வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. அதனால் கோப்பை முழுதாகப் புரட்டினோம், அப்போதுதான் பின்னால் இருந்த முதல் ஸ்கேன் கைக்கு வந்தது. 35 வாரம் 6 நாள். இரண்டும் பொருந்தியதும் கேஸ் ஷீட்டில் பழைய தேதியைக் கோடிட்டு அடித்து, திருத்திய தேதியையும் காரணத்தையும் நேரத்தோடு எழுதி, தாயிடமும் சொன்னோம். அந்த நிமிடத்திலிருந்து எல்லா அட்டவணையும் இந்தத் தேதிப்படிதான் பார்க்கப்பட்டது.

வேக மூச்சு, குளிர்ந்த உடல், குறைந்த குளுக்கோஸ், பால் குடிக்காமை என்ற நான்கையும் கிருமித்தொற்றும் உண்டாக்கும். சர்க்கரைதான் காரணம் என்று நாங்கள் நம்பினாலும் தொற்று இல்லை என்று சொல்ல ஆதாரம் இல்லை. ரத்த கல்ச்சர் எடுத்து ஆன்டிபயாடிக் தொடங்கினோம், கல்ச்சரில் எதுவும் வளராததால் இரண்டு நாளில் நிறுத்தினோம். கால்சியம் இயல்பு. ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைக் காட்டும் ஹெமட்டோக்ரிட் 63 சதவீதம், ரத்தம் கெட்டி என்று சொல்லும் 65ஐ ஒட்டி. இதயத்தில் லேசான முணுமுணுப்புச் சத்தம் கேட்டதால் எக்கோ (இதய ஸ்கேன்) செய்தோம், இதய அறைகளுக்கு நடுச்சுவர் சற்றுத் தடித்திருந்தது. கட்டுப்படாத சர்க்கரையுள்ள தாய்மாரின் குழந்தைகளிடம் இதைப் பார்ப்போம், சில மாதங்களில் தானாகச் சரியாகும்.

குளுக்கோஸ் அரை மணி நேரத்தில் 41, அதன் பிறகு 48, அதோடு நடுக்கம் நின்றது. 12ஆவது மணி நேரத்தில் மறுபடி 38க்கு இறங்கியதால் ட்ரிப்பின் வேகத்தை 8 மில்லிகிராமுக்கு உயர்த்தினோம். தாய் சீம்பாலைப் பிழிந்து கொடுத்துக்கொண்டே இருந்தார், அறுவை சிகிச்சை வலியோடு. அதைச் சிறு கிண்ணத்தால் புகட்டினோம். இரண்டாம் நாளிலிருந்து ட்ரிப்பைப் படிப்படியாகக் குறைத்து மூன்றாம் நாளில் எடுத்தோம், பாலுக்கு முன் எடுத்த அளவுகள் 60க்கு மேல் நின்ற பிறகுதான்.

வீட்டுக்குப் போகும் பேச்சும் மஞ்சளும்

நான்காம் நாள் குடும்பத்தார் வீட்டுக்குப் போகலாமா என்று கேட்டார்கள். கேட்டது நியாயம்தான். ட்ரிப் இல்லை, குளுக்கோஸ் சரி, குழந்தை பார்க்க எல்லாரையும் விடப் பெரியது. தந்தை கொஞ்சம் கோபமாகவே சொன்னார்: "மூணரைக் கிலோ இருக்கிற குழந்தையைப் போய்க் குறைமாசம்னு சொல்றீங்களே டாக்டர், பக்கத்துப் படுக்கையில இதைவிடச் சின்னக் குழந்தை நேத்தே போயிடுச்சு."

அவரிடம் இரண்டு விஷயங்களைக் காட்டினோம். ஒன்று, பால். தாயிடம் குடிப்பதற்கு முன்னும் பின்னும் அதே துணியோடு எடை போட்டோம், 12 கிராம்தான் கூடியது. அந்த எடைக்கு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை அதன் மூன்று நான்கு மடங்காவது தேவை. 34 வாரத்துக்குப் பிறகு சப்புவது, விழுங்குவது, மூச்சு விடுவது மூன்றும் ஒருங்கிணையத் தொடங்கும், ஆனால் களைக்காமல் வயிறு நிறையும் வரை குடிக்கும் தெம்பு வருவதற்கு இன்னும் சில வாரமாகும். பத்து நிமிடம் வாய் அசைகிறது என்பதால் பால் உள்ளே போகிறது என்று அர்த்தமில்லை. எடை அன்று 3,160 கிராம், பிறந்த எடையில் ஏறக்குறைய 9 சதவீதம் இறங்கியிருந்தது.

இரண்டாவது, பிலிரூபின், அதாவது ரத்தத்தில் சேர்ந்து மஞ்சளை உண்டாக்கும் நிறமி. 78ஆவது மணி நேரத்தில் டெசிலிட்டருக்கு 14.7 மில்லிகிராம். ஒளி சிகிச்சைக்கான அட்டவணைகள் குழந்தையின் வாரத்தையும் பிறந்த பின் கழிந்த மணி நேரத்தையும் வைத்துக் கோடு போடுகின்றன. 38 வாரக் கோட்டில் வைத்தால் இந்த எண் கீழே தள்ளி நிற்கிறது, வீட்டுக்கு அனுப்பலாம். 35 வாரக் கோட்டில் வைத்தால் கோட்டை நெருங்கி நிற்கிறது, 24 மணி நேரத்துக்குள் மறுபடி பார்க்க வேண்டும். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியபோது தந்தை கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "சரி டாக்டர், இருக்கோம்" என்றார்.

நிறைமாதக் குழந்தைக்கு மஞ்சள் பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து நாளில் உச்சம் தொட்டு இறங்கும். 35, 36 வாரக் குழந்தைக்கு ஐந்து முதல் ஏழாம் நாள் வரை ஏறிக்கொண்டிருக்கலாம், அதாவது பெரும்பாலான குழந்தைகள் வீட்டுக்குப் போன பிறகு. பிலிரூபினை மாற்றும் கல்லீரல் நொதி முதிரவில்லை. சிவப்பணுக்கள் கூடுதல், உடைவதும் கூடுதல். பால் குறைவாகப் போவதால் மலம் குறைவு, குடலிலிருந்து பிலிரூபின் மறுபடி ரத்தத்துக்கே திரும்புகிறது. நம் குழந்தையிடம் மூன்றுமே இருந்தன. முற்றினால் மூளையில் படிந்து கேட்கும் திறனையும் உடல் அசைவுகளையும் நிரந்தரமாகக் கெடுக்கும். தோலின் நிறத்தைக் கண்ணால் பார்த்து அளவு சொல்வது நம்பத்தகுந்ததல்ல, காலை வெயிலில் காட்டுவது சிகிச்சைக்கு மாற்றும் அல்ல. குடும்பத்தில் இந்தக் கேள்வி வந்ததால் சொல்கிறேன்.

ஐந்தாம் நாள் 18.9. ஒளி சிகிச்சை தொடங்கினோம், பிழிந்த பாலைக் கணக்கு வைத்துக் கூடுதலாகப் புகட்டினோம். ஒன்றரை நாளில் 12க்கு இறங்கியது. விளக்கை நிறுத்தி மறுநாள் பார்த்தோம், திரும்ப ஏறவில்லை. நான்காம் நாள் வீட்டுக்குப் போயிருந்தால் அந்த 18.9 வீட்டிலே, பால் கேட்காமல் தூங்கும் குழந்தைக்குள், யாருக்கும் தெரியாமல் இன்னும் ஏறியிருக்கும்.

பின்னர் நடந்தவை

இரண்டு நாள் தொடர்ந்து எடை கூடியதைப் பார்த்துவிட்டு ஒன்பதாம் நாள் அனுப்பினோம். அடுத்த 48 மணி நேரத்துக்குள் வரச் சொன்னோம், வந்தார்கள். மூன்றாவது வாரத்தில் பிறந்த எடையை எட்டியது, அதே சமயத்தில் தாயிடம் நேராகக் குடிக்கும் தெம்பும் வந்துவிட்டது, கிண்ணத்தை நிறுத்தினோம். செவித்திறன் பரிசோதனை இரண்டு காதிலும் சரி. ஐந்தாம் மாதத்தில் எக்கோ இயல்பு.

தடுப்பூசிகளைப் பிறந்த தேதிப்படிதான் போட வேண்டும், வளர்ச்சியை மட்டும் திருத்திய வயதுப்படி பார்க்க வேண்டும். பெற்றோருக்கு இது குழம்புவதால் அட்டையிலேயே எழுதிக் கொடுத்தோம். நீண்ட நேரக் குளுக்கோஸ் குறைவு மூளையின் பின்பகுதியை, பார்வை சார்ந்த இடங்களை, அதிகமாகப் பாதிக்கும் என்பதால் கண் பரிசோதனையும் சேர்த்தோம். 18 மாதத்தில் நடக்கிறான், சுட்டிக் காட்டுகிறான், சில வார்த்தைகள் பேசுகிறான், பார்வை இயல்பு. கவனம், கண்ணும் கையும் சேர்ந்து செய்யும் வேலைகள் போன்றவற்றில் குறை இருந்தால் நான்கு ஐந்து வயதில்தான் தெரியவரும், ஆகவே பள்ளி வயது வரை தொடர்ந்து பார்க்கிறோம்.

எவை மாற வேண்டும், எவை மாறின

முதலாவது தேதி. இப்போது அந்தப் பிரசவப் பிரிவில் முதல் ஸ்கேன் வந்த அன்றே ஒரே ஒரு பிரசவத் தேதியைத் தீர்மானித்து முதல் பக்கத்தில் எழுதுகிறார்கள், மற்றதை அடித்துவிடுகிறார்கள், எப்படி முடிவு செய்தோம் என்ற காரணம் பக்கத்தில் இருக்கும். பின்னால் வரும் எந்த வளர்ச்சி ஸ்கேனும் அதை மாற்ற முடியாது. வளர்ச்சி ஸ்கேனில் தலையும் வயிறும் பொருந்தாமல் போனால் சராசரி போடுவதை விட்டுவிட்டு ஏன் பொருந்தவில்லை என்று கேட்க வேண்டும், தாயின் சர்க்கரையை மறுபடி பார்க்க வேண்டும். 24 வாரத்துக்கு முன் செய்த குளுக்கோஸ் பரிசோதனை இயல்பாக வந்தாலும் 24 முதல் 28 வாரத்துக்குள் இன்னொரு தடவை செய்வது என்பதும் இப்போது எழுத்தில் இருக்கிறது.

இரண்டாவது, அந்த நர்ஸ் செய்தது. குளுக்கோஸ் குத்திப் பார்க்க அவர் யாருடைய அனுமதிக்கும் காத்திருக்கவில்லை. அதை ஒருவரின் துணிச்சலோடு விட்டுவிடக் கூடாது என்று வாதாடினோம். இப்போது குளிர்ந்த, நடுங்கும், பால் குடிக்காத எந்தக் குழந்தைக்கும் மருத்துவர் உத்தரவு இல்லாமல் நர்ஸ் குளுக்கோஸ் பார்க்கலாம். பிறந்த முதல் மணி நேரத்துச் சோதனையில் உள்ளங்கால், காது, மார்புக் காம்பின் அடித்திசு மூன்றையும் பார்த்து, கோப்பிலுள்ள வாரத்தோடு பொருந்துகிறதா என்று ஒரு வரி எழுதுகிறார்கள். ஒரு நிமிட வேலை. பொருந்தாவிட்டால் குறைந்த வாரத்தை நம்பி நடக்க வேண்டும், தெளிவாகும் வரை. அதில் தவறினாலும் குழந்தைக்கு இரண்டு மூன்று குத்தல்தான் நஷ்டம்.

தேதி சரியாக இருந்திருந்தால் பிரசவத்துக்கு முன் தாய்க்கு ஸ்டீராய்டு கொடுத்திருக்கலாமே என்று எங்கள் கூட்டத்தில் கேட்டார்கள். அது அவ்வளவு நேரான கேள்வி இல்லை. 34 முதல் 36 வாரத்துக்குள் பீட்டாமெத்தசோன் கொடுத்தால் மூச்சுப் பிரச்சினை குறைகிறது, ஆனால் குழந்தையின் குளுக்கோஸ் குறைவது கூடுகிறது என்று 2016இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. சர்க்கரையுள்ள தாய்க்கு இந்தக் கணக்கு இன்னும் சிக்கல். என் கருத்தில் இந்தக் குழந்தைக்கு ஸ்டீராய்டை விட, பிறந்த அரை மணி நேரத்தில் தோலோடு தோல் அணைத்து முதல் மணி நேரத்துக்குள் பால், அதன் பிறகு முதல் குளுக்கோஸ் அளவு என்ற எளிய வரிசை கிடைத்திருந்தால் போதும், 21 வரை இறங்கியிருக்காது.

தாயைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் குழந்தை தேறியதும் அவரை எல்லாரும் மறந்துவிடுவார்கள். பிரசவத்துக்குப் பிறகு ஆறாவது வாரத்தில் 75 கிராம் பரிசோதனை செய்யச் சொன்னோம். இரண்டு மணி நேர அளவு 162, அதாவது சர்க்கரை நோய் இல்லை, இயல்பும் இல்லை, 140க்கும் 199க்கும் இடைப்பட்ட நிலை. உணவு, நடை பற்றிப் பேசினோம். ஆண்டுக்கு ஒரு தடவை சர்க்கரை பார்க்க வேண்டும், அடுத்து கருத்தரித்தால் முதல் சில வாரத்திலேயே ஸ்கேனும் சர்க்கரையும் இரண்டும் பார்த்துவிட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தோம். அந்தத் தாளின் நகலைக் குழந்தையின் தடுப்பூசி அட்டைக்குள் வைத்தோம், அந்த அட்டையைத்தான் அவர் எப்போதும் கையில் எடுத்துக்கொண்டு வருகிறார் என்பதால்.